சேனாபதிக்கு வயசு என்ன? சூப்பர் ஹீரோ படங்களும் காலக்கணக்கும்

(கைதி, விக்ரம், லியோ, இந்தியன், அவெஞ்சர்ஸ் படங்களின் முக்கியத் திருப்பங்கள் இந்தப் பதிவில் உண்டு. இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்.)

2024-இல் 'இந்தியன் 2' டிரெய்லர் வந்தபோது எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான்: தாத்தாவுக்கு இப்போ வயசு என்ன?

கணக்கு ஒன்றும் கஷ்டமில்லை. முதல் 'இந்தியன்' படத்தில் சேனாபதி இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவர். நேதாஜி அந்தப் படைக்குத் தலைமை ஏற்றது 1943-இல். அப்போது சேனாபதிக்கு 18 என்று ரொம்பக் குறைச்சலாக வைத்தாலும், முதல் படம் வந்த 1996-இல் 71 வயது. நம்பலாம். 2024-இல் 99. அந்த வயதில் ஒற்றைச் சக்கர வண்டியில் பறக்கிறார், பத்துப் பேரைத் தனியாக அடிக்கிறார். இயக்குநர் ஷங்கரிடம் கேட்டார்கள். வர்மக்கலை, யோகா, ஒழுங்கான சாப்பாடு, நூறு வயது தாண்டியும் சண்டைப் பயிற்சி செய்த ஒரு சீன ஆசிரியர் என்று விளக்கம் சொன்னார்.

சிரிச்சோம், மீம் போட்டோம், மறந்தோம். எனக்கு மட்டும் அந்தக் கேள்வி உள்ளே தங்கிவிட்டது. சேனாபதி மட்டுமா மாட்டுகிறார்? உலகத்திலேயே அதிகப் பணம் புழங்குகிற மார்வெல் படங்களும் இதே இடத்தில்தான் தடுக்கி விழுகின்றன. அத்தனை கோடி செலவு செய்பவர்களால் ஒரு கூட்டல் கழித்தல் கணக்கை ஏன் சரியாகப் போட முடியவில்லை? அந்தப் பிழைகளில் எது உண்மையிலேயே கதையைக் கெடுக்கிறது, எதைப் போனால் போகட்டும் என்று விட்டுவிடலாம்? இந்தப் பதிவு அதைப் பற்றியது.

இரண்டு கடிகாரங்கள்

தொடர் படங்களில் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. ஒன்று கதைக்குள் ஓடுவது. இன்னொன்று வெளியே, அதாவது படம் வெளியான வருஷம், நடிகரின் முகம், தெருவில் ஓடும் வண்டி, கையிலிருக்கும் போன். ஒரே படம் என்றால் இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்வது சுலபம். இரண்டாம் படம் மூன்று வருஷம் கழித்து வரும்போது இடைவெளி விழ ஆரம்பிக்கிறது.

காமிக்ஸ் புத்தகத்துக்கு இந்தப் பிரச்சினை பாதிதான். ஸ்பைடர்மேன் 1962-இல் பள்ளிக்கூடப் பையனாக வந்தான். அறுபது வருஷம் தாண்டியும் அவன் இளைஞன்தான். வரைந்த முகத்துக்கு நரை விழாது. பழைய கதைகள் எல்லாம் 'சில வருஷம் முன்னாடி' நடந்ததாகவே தள்ளிக்கொண்டு வருவார்கள். வாசகரும் அதற்கு ஒத்துக்கொண்டுதான் படிக்கிறார். சினிமாவில் அது செல்லாது. திரையில் இருப்பது ரத்தமும் சதையுமான ஆள்.

இன்னொரு காரணமும் உண்டு. படப்பிடிப்புத் தளத்தில் 'கன்டின்யூட்டி' பார்க்கவே ஓர் உதவி இயக்குநர் இருப்பார். காலையில் எடுத்த ஷாட்டில் சட்டையின் மேல் பொத்தான் திறந்திருந்தால் மாலையில் எடுப்பதிலும் திறந்திருக்க வேண்டும். கையில் கட்டிய வாட்ச், நெற்றியில் வழிந்த ரத்தம் எல்லாம் அவர் பொறுப்பு. ஆனால் இந்தப் படத்துக்கும் மூன்று வருஷம் கழித்து வேறு தயாரிப்பாளர், வேறு நடிகர்களோடு வரும் அடுத்த படத்துக்கும் இடையே கன்டின்யூட்டி பார்ப்பது யார் வேலை? பெரும்பாலும் யார் வேலையும் இல்லை.

பிழைகள் எத்தனை வகை

நான் பார்த்தவரை இவற்றை நான்காகப் பிரிக்கலாம்.

முதலாவது, எழுத்தில் போட்ட எண். 'ஸ்பைடர்மேன்: ஹோம்கமிங்' (2017) படம் நியூயார்க் சண்டை முடிந்த கையோடு தொடங்குகிறது. அந்தச் சண்டை 2012-இல் வந்த 'அவெஞ்சர்ஸ்' படத்தில் நடந்தது. பிறகு திரையில் '8 வருடங்களுக்குப் பிறகு' என்று போடுகிறார்கள். அப்படியானால் 2020. ஆனால் மற்ற படங்களின் கணக்குப்படி 2018-இல் தானோஸ் விரலைச் சொடுக்கியதும் சாம்பலாகப் போனவர்களில் பீட்டர் பார்க்கரும் ஒருவன், 2023 வரை அவன் உலகத்திலேயே கிடையாது. 2020-இல் பள்ளிக்கூடம் போனது யார்? அவெஞ்சர்ஸ் இயக்குநர்களில் ஒருவரான ஜோ ருஸ்ஸோவே அந்த எட்டு தப்பு என்று பிறகு சொன்னார். 2023-இல் மார்வெல் தன் படங்களுக்கு அதிகாரப்பூர்வக் காலவரிசைப் புத்தகமே வெளியிட வேண்டியதாயிற்று. யாரும் கேட்காத ஓர் எண்ணைத் திரையில் போட்டதால் வந்த வினை.

இரண்டாவது, முகம். எக்ஸ்-மென் வரிசையில் மேக்னீட்டோ 1944-இல் நாஜி முகாமில் இருக்கும் சிறுவன். இந்தக் கதாபாத்திரத்தின் கோபம் முழுக்க அங்கிருந்து வருவதால் அந்த வருஷத்தை நகர்த்தவே முடியாது. 'ஃபர்ஸ்ட் கிளாஸ்' 1962-இல் நடக்கிறது. அதற்கடுத்த படங்கள் 1973, 1983, 1992 என்று பத்துப் பத்து வருஷமாகத் தாவுகின்றன. 1992-இல் மேக்னீட்டோவுக்கு அறுபது வயதாவது ஆகியிருக்க வேண்டும். நடித்த மைக்கேல் ஃபாஸ்பெண்டருக்கு நாற்பதை ஒட்டிய வயது. கதையில் முப்பது வருஷம் ஓட, நடிகருக்கு எட்டு வருஷம்தான் ஓடியிருந்தது.

மூன்றாவது, உலகம். இது நம் நாட்டு உதாரணம். 'கோயி மில் கயா' 2003-இல் வந்தது, கதையும் அந்தக் காலத்தில்தான் நடக்கிறது. அதன் தொடர்ச்சியான 'க்ரிஷ்' 2006-இல். அதில் நாயகன் கிருஷ்ணா முதல் பட நாயகன் ரோஹித்தின் மகன். முதல் படத்தில் பிறக்கவே இல்லாத பிள்ளை, இரண்டாம் படத்தில் வளர்ந்த வாலிபன். எப்படிப் பார்த்தாலும் கதை 2020-களில் நடக்க வேண்டும். ஆனால் சிங்கப்பூர் தெருக்கள், போன்கள், உடைகள் எல்லாம் 2006. இதில் வேடிக்கை, எதிர்காலத்தைக் காட்டும் கணினிதான் அந்தக் கதையின் மையமே. படம் முழுக்கவே எதிர்காலத்தில் நடக்கிறது என்பதை மட்டும் யாரும் கண்டுகொள்ளவில்லை. ஆனால் தியேட்டரில் யாராவது எழுந்து போனார்களா? இல்லையே.

நான்காவது, நடந்ததையே மாற்றுவது. செத்தவர் திரும்பி வருவார், இல்லாத மகன் இருப்பார். ஆங்கிலத்தில் இதை 'ரெட்கான்' என்பார்கள். பழைய கதைக்குப் புது உண்மை சேர்ப்பது. 'எக்ஸ்-மென்: தி லாஸ்ட் ஸ்டேண்ட்' படத்தில் பேராசிரியர் சேவியர் கண்ணெதிரே தூள் தூளாகிறார். 2013-இல் வந்த 'தி வுல்வரின்' கடைசிக் காட்சியில் அதே உடம்போடு, அதே சக்கர நாற்காலியில் வந்து நிற்கிறார்.

இந்த நான்காவது வகையை எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். சங்கராபுரத்தில் நாற்பது வயதைத் தாண்டிய ஒருவரின் காகிதங்களை எடுத்துப் பாருங்க. பிறப்புச் சான்றிதழில் தென்னாற்காடு மாவட்டம். கல்லூரிச் சான்றிதழில் விழுப்புரம் மாவட்டம், ஏனென்றால் 1993-இல் பிரித்தார்கள். புது ஆதாரில் கள்ளக்குறிச்சி மாவட்டம், அது 2019-இல் பிரித்தது. ஆள் அதே ஆள், வீடு அதே வீடு, திண்ணைகூட மாறவில்லை. மூன்று காகிதமும் அந்தந்தத் தேதிக்கு உண்மை. தொடர் படங்களும் இப்படித்தான், ஒவ்வொன்றும் வெளியான நாளில் உண்மை. மூன்றையும் ஒரே மேசையில் வைத்து ஒரே உண்மை சொல்லுங்கள் என்று கேட்கும்போதுதான் தகராறு.

லோகேஷ் செய்த புத்திசாலித்தனம்

தமிழில் இதற்கு நெருங்கிய உதாரணம் எல்சியு, அதாவது லோகேஷ் கனகராஜின் படவரிசை. இதில் பறக்கும் நாயகர்கள் இல்லை. ஆனால் ஒருவர் கதைக்குள் இன்னொருவர் நுழையும் அமைப்பு மார்வெல் பாணிதான்.

'கைதி' 2019 தீபாவளிக்கு வந்தது. ஒரே ராத்திரியில் நடக்கும் கதை. 'விக்ரம்' 2022 ஜூன் 3-இல் வந்தது. வெளியாவதற்கு முந்தைய நாள் லோகேஷ், கைதியை இன்னொரு முறை பார்த்துவிட்டு வாருங்கள் என்று ரசிகர்களிடம் கேட்டுக்கொண்டார். 'லியோ' 2023 அக்டோபரில் வந்தது.

இந்த மூன்றையும் எது கட்டிப்போடுகிறது? தேதி கிடையாது. ஆட்கள்தான். கைதியில் வந்த இன்ஸ்பெக்டர் பிஜாய் விக்ரமில் வருகிறார். அடைக்கலமும் அன்புவும் விக்ரம் படக் கடைசியில் ரோலெக்ஸ் முன்னால் நிற்கிறார்கள், டில்லியின் பெயர் அடிபடுகிறது. கைதியில் ராத்திரி முழுக்க கமிஷனர் அலுவலகத்தைக் காத்த கான்ஸ்டபிள் நெப்போலியன் லியோவில் இமாசலப் பிரதேச மலை ஊருக்கு வந்து பார்த்திபன் குடும்பத்துக்குக் காவல் நிற்கிறார். லியோ முடியும்போது விக்ரமின் குரல் போனில் வருகிறது.

ஆக, பார்ப்பவருக்குத் தெரிவதெல்லாம் முன், பின் மட்டும்தான். கைதிக்கு அப்புறம் விக்ரம். எத்தனை மாசம் கழித்து என்றெல்லாம் பெரிதாக அலட்டிக்கொள்ளத் தேவையில்லை. ஹோம்கமிங்கில் நடந்ததுபோல ஓர் எண்ணைப் போட்டு மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு இதில் குறைவு. சொந்தக்காரர்களின் வயதை நாம் நினைவு வைப்பதும் இப்படித்தானே? பெரியப்பா பிறந்த தேதி யாருக்கும் தெரியாது. ஆனால் அத்தை கல்யாணத்துக்கு முந்தியா பிந்தியா என்று கேட்டால் பாட்டி டக்கென்று சொல்லிவிடுவார்.

சிக்கல் வருவது தூரத்தில் இருக்கும் இரண்டு முடிச்சுகளில்.

ஒன்று 1986. அந்த வருஷம் வந்த பழைய 'விக்ரம்' படத்துக்குக் கதை எழுதியவர் சுஜாதா. கடத்தப்பட்ட 'அக்னி புத்திரன்' ஏவுகணையைத் தேடி ஏஜென்ட் விக்ரம் சலாமியா என்ற கற்பனை ராஜ்யத்துக்குப் போகிறார். (நிஜத்தில் இந்தியா அக்னி ஏவுகணையைச் சோதித்தது 1989 மே மாதம். சுஜாதா மூன்று வருஷம் முந்திக்கொண்டார்.) 2022 படம் அந்த ஏஜென்ட்தான் இந்த ஆள் என்கிறது. கமலின் வயது பிரச்சினையே இல்லை. 1986-இல் 31, 2022-இல் 67, இரண்டு கடிகாரமும் அழகாக ஒத்துப்போகின்றன. ஒத்துப்போகாதது உலகம். ராஜா, இளவரசி, ஏவுகணை இருந்த உலகமும், கன்டெய்னரில் போதைப்பொருள் வரும் சென்னையும் ஒரே உலகம்தானா? பழைய படத்தில் மனைவி கொல்லப்படுகிறாள். புதிய படத்தில் வளர்ந்த மகனும் பேரனும் இருக்கிறார்கள். நடுவில் நடந்ததை ரசிகர்கள்தான் நிரப்பிக்கொள்ள வேண்டும். லோகேஷ் பழைய படத்திலிருந்து பெயரையும் ஆளையும் பாட்டின் வேகத்தையும் எடுத்துக்கொண்டு, சலாமியாவைச் சத்தமில்லாமல் அங்கேயே விட்டுவிட்டார்.

இன்னொன்று லியோவின் முன்கதை. 1999-இல் நடப்பதாகக் காட்டப்படும் அந்தப் பகுதி பலருக்குப் பிடிக்கவில்லை. படம் வந்தபின் பேட்டிகளில் லோகேஷ், அது மன்சூர் அலிகான் நடித்த பாத்திரம் தன் பார்வையில் சொல்லும் கதைதான், உண்மை வேறாகவும் இருக்கலாம் என்ற பொருளில் சொன்னார். இது கெட்டிக்கார வழி. சொல்பவன் ஒருவன் இருந்தால் அவன் பொய்யும் சொல்லலாம், நாளைக்கு வரும் படம் எதை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. நாம் தியேட்டரில் பார்த்து வருத்தப்பட்ட சாவு நடந்ததா, நடக்கவே இல்லையா? நடக்கவில்லை என்றால் நாம் எதற்கு வருத்தப்பட்டோம்?

பீஷ்மர் போட்ட கணக்கு

காலக்கணக்குத் தகராறு சினிமாவோடு வந்ததில்லை. எங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் பகலில் பாரதப் பிரசங்கமும் ராத்திரியில் கூத்துமாக நாள்கணக்கில் பாரதம் நடக்கும். ஒரு ராத்திரிக்கு ஒரு கதை. நேற்று துரியோதனனுக்கு வேஷம் கட்டியவர் வேறு, இன்று கட்டியிருப்பவர் வேறாக இருக்கலாம். கட்டியக்காரன் நடுவில் புகுந்து ரேஷன் கடையைப் பற்றி நையாண்டி செய்வான். துவாபர யுகத்தில் ரேஷன் கடை ஏது என்று யாரும் எழுந்து கேட்க மாட்டார்கள். முகம், உலகம் என்று மேலே சொன்ன பிழைகளைக் கூத்துக் கொட்டகை எப்போதோ மன்னித்துவிட்டது.

ஆனால் அதே பாரதத்துக்குள் ஒரு காலக்கணக்குக்காக உயிரே போகும் இடம் இருக்கிறது. பாண்டவர்களுக்கு 12 வருஷம் வனவாசம், 13-ஆம் வருஷம் அஞ்ஞாதவாசம். அந்தக் கடைசி வருஷம் முடிவதற்குள் அடையாளம் தெரிந்துவிட்டால் மறுபடியும் 12 வருஷம் காடு. விராட நாட்டில் மாடுகளை மீட்க அர்ச்சுனன் வெளியே வந்து நிற்கிறான். துரியோதனன் தரப்பு கேட்கிறது: வருஷம் முடிந்துவிட்டதா?

வியாச பாரதத்தின் விராட பருவத்தில் பதில் சொல்பவர் பீஷ்மர். சந்திரனை வைத்து எண்ணும் வருஷம் சூரிய வருஷத்தைவிடச் சுமார் 11 நாள் குறைவு. அதைச் சரிக்கட்ட ஐந்து வருஷத்துக்கு இரண்டு மாசம் அதிகமாகச் சேரும். அந்தக் கணக்கில் 13 வருஷத்துக்கு ஐந்து மாசத்துக்கும் மேல் கூடுதல் சேர்ந்துவிட்டது, ஆகவே கெடு முடிந்துவிட்டது என்கிறார். துரியோதனன் ஏற்கவில்லை. பங்கு தர மறுக்கிறான். பிறகு நடந்தது குருக்ஷேத்திரம்.

இங்கேயும் இரண்டு கடிகாரங்கள்தான். ஆனால் பாரதம் அந்த வித்தியாசத்தை மூடி மறைக்கவில்லை. கதைக்குள்ளேயே கொண்டுவந்து, வழக்காக வைத்து வாதாடுகிறது. காரணம், அந்தப் 13 வருஷம் சும்மா ஓர் எண் கிடையாது. சபையில் அவமானப்பட்ட ஒரு பெண்ணும் அவளுடைய ஐந்து புருஷர்களும் இழந்த வாழ்க்கை அது. ஒரு நாள் குறைந்தாலும் கூடினாலும் யாரோ ஒருவருக்கு அநியாயம்.

எது மன்னிக்கக்கூடாத பிழை

காலக்கணக்குப் பிழையைப் பார்த்தால் நான் இப்போது கேட்பது ஒன்றுதான்: இந்தப் பிழையால் யாராவது பட்ட கஷ்டம் இல்லாமல் போகிறதா? போகவில்லை என்றால் சிரித்துவிட்டுக் கடந்துவிடலாம். ஹோம்கமிங்கின் எட்டு, க்ரிஷ் கையிலிருந்த பழைய போன், மேக்னீட்டோவின் சுருக்கமில்லாத முகம் எதனாலும் யாருடைய துக்கமும் குறையவில்லை. சேவியர் கதை அப்படியல்ல. அந்தச் சாவுக்கு அழுதவர்களின் அழுகை வீணாகிறது.

சரியாகச் செய்த படமும் இருக்கிறது. 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' (2019) காலப்பயணக் கதை. எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து தொடங்கியிருக்கலாம். டோனி ஸ்டார்க் ஒரே ஒரு நிபந்தனை வைக்கிறார்: போனவர்கள் திரும்பட்டும், ஆனால் நடுவில் போன ஐந்து வருஷம் அப்படியே இருக்க வேண்டும். அந்த ஐந்து வருஷத்தில்தான் அவருக்கு மகள் பிறந்தாள். அதனால் மற்ற படங்களுக்கெல்லாம் ஐந்து வருஷத் தலைவலி வந்தது உண்மை. ஆனாலும் அந்தத் தலைவலிக்கு அர்த்தம் இருக்கிறது.

இதே அளவுகோலை சேனாபதியிடம் வைத்தால், 99 வயது எனக்கு உறுத்தவே இல்லை. லஞ்சம் வாங்கி, பள்ளிக் குழந்தைகள் சாகக் காரணமான தன் மகனைத் தன் கையாலேயே கொன்றவர் அவர். இருபத்தெட்டு வருஷம் அந்தப் பாரத்தோடு வாழ்ந்த கிழவன் எப்படி இருப்பார்? இரண்டாம் பாகத்தில் நான் தேடியது அதைத்தான். வர்மம் கிடைத்தது, அந்தக் கிழவன் கிடைக்கவில்லை.

இனி டில்லி. கைதியில் லாரி, சண்டை, துப்பாக்கி எல்லாம் இருந்தாலும், நம்மைக் கட்டிப்போட்டது பத்து வருஷம் சிறையில் இருந்துவிட்டு, பிறந்ததிலிருந்து பார்க்காத மகளைப் பார்க்கப் போகும் அப்பன்தான். இதை எழுதும்வரை 'கைதி 2' வரவில்லை. 2019-இல் ஆசிரம வாசலில் காத்திருந்த அந்தச் சின்னப் பெண் வெளிக் கடிகாரத்தில் வளர்ந்துகொண்டே இருக்கிறாள். இயக்குநருக்கு இரண்டு வழி. வேறு குழந்தையை நடிக்க வைத்து மறுநாள் காலையிலிருந்து கதையைத் தொடங்கலாம். கூத்துக் கொட்டகை மன்னித்ததுபோல நாமும் மன்னிப்போம். இல்லை, நிஜத்தில் ஓடிய வருஷங்கள் கதையிலும் ஓடியதாக வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்: அந்த வருஷங்களில் அப்பனும் மகளும் சேர்ந்து இருந்தார்களா, மறுபடியும் பிரிந்தார்களா? பத்து வருஷம் போனவனுக்கு இன்னும் ஆறேழு வருஷம் போயிருந்தால் அது வெறும் கன்டின்யூட்டி விஷயம் இல்லை, அதுவே ஒரு முழுப் படம்.

லோகேஷ் எந்த வழியில் போனாலும் எனக்குச் சம்மதம். திரையில் வருஷம் மாசம் எதுவும் போட வேண்டாம். அப்பனுக்குப் போன நாளை மட்டும் யாராவது ஒருவர் கதைக்குள் எண்ணிக்கொண்டிருந்தால் போதும்.